இடமாற்று என்ற செயலை ஐந்தாவது சிப்பில் சேர்த்த விவரம்

நான்காம் மாடி வீட்டுக்காரர் தரைத்தளத்தில் லிஃப்டில் ஏறி, எந்த மாடியிலும் இறங்காமல் பதினொரு மாதம் ஆகியிருந்தது. குடியிருப்பில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே சுவரில் காதை வைத்தால் அவருடைய இருமல் கேட்கும். "உள்ளே ஆள் இருக்கிறார், பொத்தானைத் தொட வேண்டாம்" என்று அவர் மனைவி கதவில் ஒட்டிய காகிதத்தை மதித்து எல்லாரும் படியேறினார்கள். ஏழாம் மாடித் தையல்காரர் மட்டும் மாடிக்கு மாடி நின்று, உள்ளே இருப்பவரைத் திட்டிவிட்டுத்தான் மேலே போவார். அதில் வன்மம் இல்லை, மூட்டுவலிதான்.

தப்பு மனைவியுடையது. அவளே ஒப்புக்கொண்டாள். அவள் கம்பைலர் எழுதுகிறவள். மனிதர்கள் எழுதும் நிரலை சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள் அது. அவளுடைய அலுவலகத்துக் கம்பைலருக்கு ஐந்து வகை சிப் தெரியும். புதிதாக ஒரு செயலைச் சேர்த்தால், பட்டியலில் பெயரை ஏற்றிவிட்டு, அதை எப்படிச் செய்வது என்று ஐந்து சிப்புக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். லிஃப்ட் கம்பெனி 'இடமாற்று' என்றொரு செயல் கேட்டது. மேலிருந்து வரும் அழைப்பும் கீழிருந்து வரும் அழைப்பும் ஒரே மூச்சில் இடம் மாற வேண்டும்; இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் கணம் ஒன்றுகூட வரக் கூடாது. நான்கு சிப்பில் அது ஒற்றைக் கட்டளை. ஐந்தாவது, பழசு. அதில் ஒன்றைத் தூக்கித் தற்காலிக அறையில் வைத்து, மற்றதை அதன் இடத்துக்கு நகர்த்தி, பிறகு அறையில் இருப்பதை எடுத்து எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். அந்த சிப்பை யாரும் விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. இப்படிப்பட்டவற்றுக்கு அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது: "இந்த இடத்துக்கு எதுவும் வராது" என்று ஒரு வரி போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். அவள் முதல் படியை எழுதினாள். பசித்தது. அந்த வரியைப் போட்டாள்.

தன் வீட்டு லிஃப்டில் இருப்பது அந்த சிப்தான் என்று அவளுக்குத் தெரியாது. புது நிரல் ஏறிய மறுநாள் காலை, அவள் நான்காம் மாடியில் பொத்தானை அழுத்திய அதே நேரத்தில் கணவர் கீழே லிஃப்டில் ஏறி அழுத்தினார். அழைப்புக்கும் ஆளுக்கும் சிப் வித்தியாசம் பார்க்கவில்லை. அவரைத் தூக்கி வைத்தாயிற்று. அதற்குமேல் கட்டளை இல்லை. தற்காலிக அறையில் ஒருவர்தான் தங்கலாம். இன்னொருவர் பொத்தானை அழுத்தினால் இவர் அழிந்துபோவார். மின்சாரம் நின்றாலும் அதே கதிதான் என்று, முதல் வாரமே தன் நகையை விற்று லிஃப்டுக்கு பேட்டரி வாங்கி மாட்டினாள்.

பன்னிரண்டாம் மாதம் குடியிருப்போர் சங்கம் பொறுமை இழந்தது. மாதக் கடைசியில் லிஃப்டின் பழைய சர்க்யூட் போர்டை எடுத்துவிட்டுப் புதியது போடுவதாகத் தீர்மானம். போர்டு குப்பைக்குப் போனால் அறையும் போகும். அவள் மேலாளரிடம் ஒரு வாரம் கேட்டாள்.

"அந்த சிப்ப யாரும்மா யூஸ் பண்றாங்க? விட்டுத் தள்ளுங்க."

"என் வீட்டுக்காரர் யூஸ் பண்றார் சார்."

சோதித்துப் பார்க்க வேறு சிப் கிடைக்கவில்லை. சமையலறை மேசையில் பாலும் தண்ணீரும் ஊற்றிய இரண்டு கோப்பைகளையும் ஒரு காலி டம்ளரையும் வைத்து, மூன்று படிகளையும் நூறு முறை கையால் செய்து பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு படி முன்பின்னாகிவிட்டால் அவர் இருமல்கூட மிஞ்சாது. இருபத்தெட்டாம் தேதி மதியம் அந்த ஒற்றை வரியை அழித்து, மீதி இரண்டு படிகளை எழுதி, லிஃப்டில் ஏற்றிவிட்டு, நான்காம் மாடிக் கதவுக்கு எதிரே போய் நின்றாள்.

கண் இமைக்கவில்லை. ஆனால் அடுத்த கணம் தரைத்தளத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேலே தன் வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும் இருமலும் கேட்டன. அழுதுகொண்டே படியேறினாள். நான்காம் மாடியில் கால் வைத்தபோது வீடு திறந்து கிடந்தது, நாற்காலி சூடாக இருந்தது, கீழே தரைத்தளத்திலிருந்து அவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் கணம் ஒன்றுகூட வராமல், லிஃப்ட் கம்பெனி கேட்டபடி, வேலை அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது.

அந்தச் செயலைக் கம்பைலரிலிருந்து நீக்க அவள் இரண்டு முறை நிரல் கோப்பைத் திறந்தாள். நீக்கினால் இருவரில் யார் மிஞ்சுவார்கள் என்று சொல்ல ஆளில்லை. இரண்டு முறையும் மூடிவிட்டாள். சங்கம் போர்டை மாற்றும் தீர்மானத்தைக் கைவிட்டு, தரைத்தளத்துக் காவலாளி அறையில், கீழே இருக்க நேர்பவருக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தது. தையல்காரர் லிஃப்டில் போகிறார். கணவன் மனைவி ஒருவரையொருவர் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது; தினமும் மாலையில் படிக்கட்டு வழியாகப் பேசிக்கொள்கிறார்கள், குடித்தனக்காரர்கள் விலகி நடக்கிறார்கள்.

"மேல வரட்டுமா?" என்று கீழிருந்து அவர் கேட்பார்.

"வாங்க. அடுப்புல பால் இருக்கு, வந்ததும் இறக்கிடுங்க."