பேச்சியை எழுதியவள்

ரோஸ்மேரிக்கு வீட்டில் உட்கார வராது. சென்னையில் நாலு நாள் படப்பிடிப்பு முடிந்து திருப்பூர் திரும்பினால் ஒரு பகலாவது படுத்துக் கிடக்கலாம். அவளோ பையை இறக்கி வைத்த கையோடு துணியை ஊறவைப்பாள், பாதியில் விட்டுவிட்டு நோட்டை எடுப்பாள், இரண்டு வரி எழுதுவாள், அதையும் மூடிவிட்டு அனுப்பர்பாளையம் கடைவீதிப் பக்கம் நடக்கக் கிளம்பிவிடுவாள். "காலுல சக்கரத்தக் கட்டிருக்கியா?" என்று கேட்பான் அருண்பாண்டி. அவள் புருஷன், பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர்.

அவளும் தெற்கேயிருந்து பிழைக்க வந்து ஒன்பது வருடம் கம்பெனியில் நின்றவள்தான். தைத்து வரும் பனியனை டியூப் லைட் வெளிச்சத்தில் புரட்டி ஓட்டை, கறை பார்க்கிற செக்கிங் வேலை. கை பீஸைப் புரட்டும், வாய் சும்மா இருக்காது. மேனேஜர் போனில் முதலாளியிடம் குழைவதையும் தொழிலாளியிடம் குரைப்பதையும் ஒரே மூச்சில் செய்து காட்டுவாள். மேசையைச் சுற்றி நிற்கும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களில் யாரோ அதைப் போனில் எடுத்து ஊர் முழுக்க அனுப்ப, சென்னையிலிருந்து ஒரு டிவி காமெடி நிகழ்ச்சியின் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

முதல் நாளே ஒன்று புரிந்துவிட்டது. அவள் மேடை ஏறியதும், வாயைத் திறப்பதற்கு முன்பே, அவள் உடம்பைப் பார்த்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அவர்கள் சிரிப்பதற்குள் நாமே சிரிக்க வைத்துவிட்டால் அது நம்முடைய சிரிப்பு ஆகிவிடும் என்று நினைத்தாள். அப்படி உண்டானவள்தான் பேல் பேச்சி. பேல் என்றால் கம்பெனியில் கட்டி இறக்கும் துணிப் பொதி. பேச்சி கட்டிலில் உட்கார்ந்தால் கால் முறியும், ஆட்டோவில் ஏறினால் டயர் வெடிக்கும். கடைசியில் இடுப்பில் கைவைத்து, "எட்டப் போங்கல! என்னைய இறக்க ரெண்டு லோடுமேன் வருவாக!" என்பாள். அரங்கு அதிரும். ஒவ்வொரு வரியையும் எழுதியது ரோஸ்மேரிதான். மூன்று வருடத்தில் அந்த வசனம் தெரியாத வீடு இல்லை என்றாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கருப்பாத்தாள் அக்காவைப் பார்த்தாள். பழைய செக்கிங் மேசைக்காரி. நலம் விசாரித்து முடித்ததும் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணு, சொல்றனேன்னு கோவிச்சுக்காத. உன்ற பேச்சியால நம்ம கம்பெனில ஒரு புள்ள வேலைக்கு வராம நின்னுபோச்சு. கொஞ்சம் பூசுன ஒடம்பு. லைன்ல எல்லாரும் பேலு பேலுன்னே கூப்புட்டாங்க. சூப்பர்வைசரும் அப்படியே கூப்புட்டுப்போட்டான். அடுத்த நாள்ல இருந்து வல்ல."

பெயர் சித்ரகலா, வீரபாண்டியில் வீடு என்றாள். ரோஸ்மேரி காய்கறிப் பையோடு அப்படியே பஸ் ஏறினாள்.

சித்ரகலாவுக்கு இருபது வயதிருக்கும். கதவைத் திறந்தவள் ஒரு நிமிடம் திகைத்து நின்றாள். பிறகு, "வாங்கக்கா, ஊட்டுக்குள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். அந்த மரியாதையில் ரோஸ்மேரிக்கு உட்காரவே முடியவில்லை.

"நாளைக்கே கம்பெனிக்கு வந்து அந்த சூப்பர்வைசர நாலு வார்த்த கேக்கேன்" என்றாள்.

"வேண்டாமுங்கக்கா. நான் வேற கம்பெனி பாத்துக்கறேன்." சித்ரகலா கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த வசனமெல்லாம் ஆருங்க எழுதறது?"

சென்னையில் ஒருத்தர் எழுதுகிறார் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நாந்தாம்மா எழுதுதேன்."

"ஓ..." சித்ரகலா டம்ளரைப் பார்த்தாள். "ஆரோ ஆம்பள எழுதிக் குடுக்கறாங்க, நீங்க பாவம் வேற வழியில்லாம நடிக்கறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

அதில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் ரோஸ்மேரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் ரோஸ்மேரி நடந்த நடைக்கு அளவில்லை. எழுதுவாள், கிழிப்பாள், மறுபடி எழுதுவாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு வரியை அடிப்பாள். கடைசியில் ஒரு காட்சி தேறியது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற செக்கிங்காரப் பெண், மாப்பிள்ளையையே ஒரு பீஸ் போல வெளிச்சத்தில் நிறுத்திச் சோதிக்கிறாள். "திரும்புங்க. காலர்ல கறை. பேச்சுல ஓட்டை. சம்பளத்தச் சொல்லயில தையல் பிரியுது. ரிஜெக்ட்!" அருண்பாண்டிக்கு வாசித்துக் காட்டினாள். அவன் சத்தம் போட்டுச் சிரித்தான்.

சென்னையில் இயக்குநர் குகன் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு ரோஸ். பேலு எங்க?"

"பேலு இல்ல சார்."

"பேலு இல்லாம உங்கள எதுக்கு மேடையில ஏத்தணும்?" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அரை மணி நேரம் மன்றாடிய பிறகு, "சரி, ஒரு வாட்டி பாக்கலாம்" என்றார்.

பார்வையாளர்கள் முதலில் சிரித்தார்கள். 'காலர்ல கறை'க்குக் கைதட்டல்கூட வந்தது. ஆனால் பாதிக்கு மேல் அவர்கள் எதற்கோ காத்திருப்பது தெரிந்தது. மாப்பிள்ளையாக நடித்த தரணீதரனுக்கும் தெரிந்தது. நல்லவன்தான், காட்சி படுத்துவிடுமோ என்று பயந்துவிட்டான். எழுதாத வரியைப் போட்டான்: "பொண்ணோட அக்காவா? குடோன்னு நெனச்சு சாயப் பாத்தேன்!"

அரங்கு சிரித்தது. ரோஸ்மேரியின் கை தானாக இடுப்புக்குப் போனது. வாய் தானாகத் திறந்தது.

"எட்டப் போங்கல! என்னைய இறக்க ரெண்டு லோடுமேன் வருவாக!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். தரணீதரன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் ஒரு வரி சொன்னான், அவ்வளவுதான். மிச்சத்தைச் சொன்னது தன் வாய்.

"சார், அந்தக் கடைசி வசனத்த மட்டும் வெட்டிருங்க" என்று குகனிடம் போய்க் கேட்டாள்.

"அதுதான் ரோஸ் ப்ரோமோவே!"

"அப்ப அடுத்த ஷெட்யூலுக்கு நான் பேச்சியா வரல. வேற எது வேணும்னாலும் எழுதுதேன், நடிக்கேன்."

"சொல்றேன்" என்றார் குகன். சொல்லவில்லை. ப்ரோமோ ஒரு வாரம் ஓடியது. அப்புறம் பேச்சியாக வேறொரு பெண் வந்தாள். தலையணை கட்டிக்கொண்டு அதே வசனத்தைச் சொன்னாள். ரோஸ்மேரி முழுதாகப் பார்த்தாள். நடுவில் மூன்று தடவை எழுந்து போய் மூன்று தடவை திரும்பி வந்தாள்.

ஐந்து மாதம் போன் வரவில்லை. பகலில் பழைய கம்பெனிக்கே செக்கிங்குக்குப் போனாள். "டிவிக்காரி வந்துட்டா" என்றார்கள், சிரித்தாள். டீ இடைவேளையில் அட்டைப் பெட்டியின் பின்பக்கம் எழுதினாள். தன்னைத் தவிர எல்லாவற்றையும் கேலி செய்து பார்த்தாள், அதுவும் சரிப்படவில்லை. தன்னையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. தன் கோபத்தை, தன் பொறாமையை, மேனேஜரைக் கண்டால் தானும் குழைகிற குழைவை. உடம்பை மட்டும் விட்டுவிட்டாள்.

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு சின்ன யூடியூப் சேனல், அந்தக் காட்சிகளில் நாலை எடுக்கலாம் என்றது. வீரபாண்டியில் காலியாகக் கிடந்த ஒரு குடோன் கிடைத்தது. நடிக்க வருகிறாயா என்று சித்ரகலாவைக் கூப்பிட்டாள்.

"எனக்கு அதெல்லாம் வராதுங்கக்கா. புதுக் கம்பெனில லீவும் தர மாட்டாங்க. எடுத்துப் போட்டீங்கன்னா பாக்கறனுங்க."

முதல் காட்சி வெளிவந்தபோது பேச்சிக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. 'பேலு எங்கே?' என்றுதான் பாதிப் பேர் கேட்டிருந்தார்கள். சித்ரகலா ஒரு வரி அனுப்பியிருந்தாள்: 'ரெண்டு எடத்துல சிரிச்சேனுங்க.'

எந்த இரண்டு இடம் என்று உடனே கேட்டு எழுதினாள் ரோஸ்மேரி. பதில் வருவதற்குள் வாசலுக்கும் அடுப்படிக்கும் எட்டுத் தடவை நடந்துவிட்டாள்.