நட்டவள், வெட்டுகிறவர், நடுவில் நான்

1

இந்தக் கதை என் தலையில் தானாக உதித்தது இல்லை. மின்சாரக் கம்பெனி கேட்டு வாங்குகிற கதை.

எங்கள் தெருமுனையில் அந்தக் கம்பெனி ஒரு படிப்பகம் நடத்துகிறது. மத்தியானத்துக்கு மேல் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. லாரி ஓட்டியே காலத்தைத் தள்ளிய நான், கையெழுத்துக்கு மேல் நாலு வரி எழுதப் பழகியது அங்கேதான். இப்போது 'கம்பெனி எங்கள் தெருவுக்குச் செய்தது' என்று ஆளுக்கொரு கதை எழுதித் தர வேண்டுமாம். புத்தகமாகப் போடுவார்களாம். யாராவது எதையாவது இனாமாகக் கொடுத்தால், அதைத் திருப்பிப் போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆள் நான். அடியில் இதுதான் இருந்திருக்கிறது.

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதினேன்.

(முதலாவது: 'வீட்டுக்கு வெளிச்சம் தந்த கம்பெனி எங்கள் வாழ்க்கைக்கும் வெளிச்சம்...' சீ. இது நான் எழுதியது இல்லை. படிப்பகச் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர் என் கையைப் பிடித்து எழுதியது.)

(இரண்டாவது: 'ஒரு மரம் இருந்தது. அதை வெட்டப் பெரிய மீசை வைத்த ஒரு கொடியவன் கத்திக்கொண்டே வந்தான். அவன் என் மாப்பிள்ளை.' இதனால் வீட்டில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.)

மூன்றாவதைத்தான் படிக்கிறீர்கள். சந்துக்குள் லாரியை முன்னே பின்னே எடுத்து ஒடித்து நிறுத்துகிற மாதிரி நிறுத்தியிருக்கிறேன். எங்கேயாவது இடித்தால் இடிக்கட்டும்.

2

என் மகளுக்கு அந்தக் கம்பெனியில் சமூக நலப் பிரிவில் வேலை. பள்ளிக்கூடங்களுக்கு மேசை நாற்காலி கொடுப்பது, படிப்பகம் நடத்துவது, தெருவெல்லாம் மரக்கன்று நடுவது. அவள் புருஷனுக்கும் அதே கம்பெனிதான். கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுகிற பிரிவு. ஆளை மேலே தூக்கும் கூடை வைத்த மஞ்சள் வண்டி, நீளக் கம்பு ரம்பம், நாலு ஆட்கள். மேஸ்திரி இவர்.

ஆமாம். ஒரே கம்பெனிதான். ஒரு கை நடுகிறது, மறு கை வெட்டுகிறது.*

* இப்படிப் பூ போட்டுக் கீழே சின்னதாக எழுதலாம் என்று எங்கள் வகுப்பு டீச்சர் சொன்னார். சொல்லிவிட்டார் என்பதற்காக எழுதுகிறேன். கன்று நடுகிறவர்களின் வரைபடத்தில் ரோடு உண்டு, கம்பி கிடையாது. கம்பி இன்னொரு பிரிவின் வரைபடத்தில் இருக்கிறது. இரண்டு பிரிவும் ஒரே மாடியில், ஒரே டீ மிஷினில் டீ குடிக்கிறார்கள். கம்பிக்கு நேர் கீழே வரிசை பிசகாமல் கன்று வைத்தவர்கள் இவர்கள்தான். என் மகள் வைத்த வரிசை ஒன்றை இவர் வெட்டப் போய், அவள் சண்டைக்குப் போய், அந்தச் சண்டை இன்னும் முடியாததால்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர்களுக்குள் ஒரு சட்டம். வீட்டுக்குள் வந்ததும் கழுத்து அட்டையைக் கழற்றி நிலைப்படி ஆணியில் மாட்டிவிட வேண்டும். அதற்கு மேல் ஆபீஸ் பேச்சு கூடாது. அட்டை கழுத்தில் இருந்தால் அவள் அவரை 'சார்' என்பாள், அவர் அவளை 'மேடம்' என்பார். ஆணியில் தொங்கினால் 'ஏங்க', 'ஏய்'.

3

அன்றைக்கு இரண்டு பேரும் அட்டையைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"சார், வியாழக்கிழமை லிஸ்ட்ல படிப்பகத்து மரமும் இருக்கு."

"இருக்கு மேடம். போன மழைக்கு உரசி நெருப்புப் பொறி பறந்துச்சு. கீழ பெஞ்சு போட்டு ஆளுங்கள உக்கார வச்சிருக்கீங்க."

"ரெண்டு கிளைய மட்டும் எடுக்கக் கூடாதா?"

"நடுத்தண்டே கம்பிக்குள்ள போயிடுச்சு மேடம். தலையோட எடுக்கணும்."

"எடுத்தீங்கன்னா வகுப்பும் போச்சு. உள்ள தகரக் கூரை, உக்கார்ந்தா வெந்துடுவாங்க. ஆள் வரலன்னு காரணம் காட்டிப் படிப்பகத்தையே மூடிடுவாங்க."

என் மகள் நட்ட அந்த மரத்தடிதான் எங்கள் வகுப்பு. இந்தக் கதையின் ஒன்றாம், இரண்டாம் பகுதிகள் அங்கே எழுதியவை.

மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு வழி இருக்கு. அந்த ஒரு கம்பத்தப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டா, கம்பி விலகிப் போயிடும். மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா எதிர்ப்பக்கத்து வாசல்காரரு சம்மதிக்கணும்."

"அவரு எப்படிப்பட்டவரு சார்?"

"கஷ்டம் மேடம். யாரையும் நம்ப மாட்டாரு."

எதிர்ப்பக்கத்து வாசல்காரர் அப்போது அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

4

என் வாசலில் கம்பமா? கேட்டுக்கு உள்பக்கம், நான் சாயங்காலம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்க்கிற இடத்தில். எனக்கு இவர்களைத் தெரியும். இன்றைக்குக் கம்பம் வரும். அடுத்து அதில் ஒரு பெட்டி வரும். பெட்டிக்கு வேலி வரும். வேலிக்கு ஒரு பூட்டு. கடைசியில் என் வீட்டுக்குள் போக நான் அவர்களிடம் சாவி கேட்டு நிற்பேன்.

"கம்பத்துக்கு மேல ஒரு ஆணி கூட வராது மாமா" என்றார் மாப்பிள்ளை. கழுத்து அட்டையோடு.

"இத யாரு சொல்றது? என் மாப்பிள்ளையா, கம்பெனியா?"

அவர் குனிந்து தன் கழுத்து அட்டையைப் பார்த்தார். மகள் கை கழுவ எழுந்து போனாள்.

அந்தக் கோபத்தில் எழுதியதுதான் மீசை வைத்த கொடியவன். மறுநாள் இரண்டு பேரும் அதைப் படித்துவிட்டார்கள்.

"எனக்கு ஏன் மாமா மீசை?"

"வில்லனுக்கு வேணாமா?"

"அப்பா, இவரு எப்பப்பா இப்படிக் கத்தினாரு? கிளை வெட்டுறதுக்கு முன்னாடி கூடு இருக்கான்னு கூடையில ஏறிப் பாத்துட்டு இறங்குற ஆளு. நீங்க எழுதியிருக்கிறது இவரில்ல."

"அப்போ வில்லன் யாரு?"

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளை மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். அதை நான் கிழித்துப் போடவில்லை. மேலே அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன், அது அங்கேயே கிடக்கட்டும். எழுதுகிறவனுக்கு ஒரு ஆள்மேல் சந்தேகம் வந்தால், பாதி நேரம் ஆள் சரியாக இருக்கிறான், சந்தேகம்தான் தப்பாக இருக்கிறது. இதை நானே கண்டுபிடித்தேன், டீச்சர் சொல்லவில்லை.

5

முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு: வியாழக்கிழமை மரம் போகிறது. தெருவே வெளுத்துப் போகிறது. எங்கள் வீட்டில் ஆணி காலியாகவே இருக்கிறது, அட்டைகள் இரண்டும் கழுத்தைவிட்டு இறங்குவதே இல்லை. (எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை.)

இரண்டாம் முடிவு: கம்பெனிக்குப் பிடித்தது. கிழவர் மனம் திருந்தி, கண் கலங்கி, வாசலைத் திறந்துவிட்டு எல்லோரோடும் போட்டோவுக்கு நின்று... (நிற்க மாட்டேன். கிழவர் திருந்தவில்லை. இன்றைக்கும் எவனையும் நம்புவதில்லை.)

மூன்றாவது, நடந்தது. அதில் பாதிதான் சொல்வேன்.

வியாழக்கிழமை மஞ்சள் வண்டி வந்து நின்றது. மகள் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டீச்சரும் எங்கள் வகுப்பு ஆட்களும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை ரோட்டைத் தாண்டி என் வாசலுக்கு வந்தார். ஹெல்மெட், கழுத்தில் அட்டை.

"ஐயா, உங்க முடிவு என்னன்னு தெரிஞ்சா, வேலைய ஆரம்பிச்சுடுவோம்."

"அதக் கழட்டிட்டுக் கேளுங்க."

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். ஆட்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை நேரத்தில் அட்டையைக் கழற்றக் கூடாது. கழற்றினார். மாட்ட ஆணி இல்லாமல் என் நாற்காலியின் கைப்பிடியில் மாட்டினார்.

"மாமா" என்றார். "அந்த மரம் சின்னதா இருக்கறப்போ நானும் உங்க பொண்ணும் பேசிக்கிறதில்ல. ஆனா அவ லீவு போட்ட அன்னிக்கெல்லாம் அதுக்குத் தண்ணி ஊத்தினது நான்தான். அவளுக்கு இன்னும் தெரியாது."

கம்பெனியை நான் நம்பவில்லை. மறுபடியும் சொல்கிறேன், நம்பவில்லை. எதிரே நின்றது கம்பெனி இல்லை.

ஒரு வார்த்தை சொன்னேன். என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன். எழுதினால் அதைப் பெரிய எழுத்தில் புத்தக அட்டையில் போட்டு, பக்கத்தில் என் மூஞ்சியையும் போடுவார்கள்.

இவ்வளவு சொல்லலாம். வாசலில் எப்போதும் போடுகிற நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறேன். வெயிலுக்காகவும் இருக்கலாம். இங்கேயிருந்தும் தெரு நன்றாகத்தான் தெரிகிறது. உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நிலைப்படி ஆணியில் அட்டைகள் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கித் தொங்குகின்றன. காலையில் பிரிக்கத்தான் பாடுபடுகிறார்கள்.

அந்த ஒரு வார்த்தையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். பிழையில்லாமல் எழுதுங்கள். நாளைக்கு வகுப்பில் டீச்சர் பார்த்தால் என்னைத்தான் திட்டுவார்.

......................