பின்வரிசைத் தூண்கள்

மருத்துவமனை உரிம ஆலோசனைக் குழுவுக்குப் பொதுமக்கள் சார்பில் ஒரு பெண் வேண்டுமென்று தேடியபோது, காவாந்தண்டலம் மகளிர் குழுத் தலைவி ராணியம்மாளின் பெயர் அகப்பட்டது. முதல் இரண்டு கூட்டங்கள் டீயும் போண்டாவுமாகப் போயின. மூன்றாவதில் வந்தது வினை. உத்திரமேரூர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மேலே இன்னும் இரண்டு மாடி கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். கோப்பு கைமாறிக் கைமாறி, ஆறு கையெழுத்தோடு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் சித்தாளாக நின்றவள் அவள். மேஸ்திரி வேறு யாருமில்லை, அவள் புருஷன் பெஞ்சமின்தான். பின்வரிசைத் தூண்களுக்குக் காங்கிரீட் போட்ட அன்று சாயங்காலம் சிமெண்ட் தீரப் பார்த்தது, லாரி வந்தபாடில்லை. பாதியில் நிறுத்தவும் முடியாது. சிமெண்ட் மூட்டைக்கு நாலு பாண்டுச் சட்டி மணல் கொட்டுகிற கலவை மிஷினில் ஏழு கொட்டச் சொன்னான் பெஞ்சமின். எண்ணி எண்ணிக் கொட்டியவள் இவளேதான். வேலை முடிந்ததும் அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிச் சிரித்தார்கள், பாவிகள். பூசி வெள்ளையடித்த பிறகு யாருக்குத் தெரியப்போகிறது?

நேற்று அஜெண்டா தாள் வந்ததுமே அவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"இத்தினி வருசமா நின்னுகினுதானே கீது. இன்னாத்துக்கு பேஜாரு? எல்லாரும் போடற எடத்துல நீயும் ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வா," என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எம்பேரு வெளிய வந்துச்சுன்னா அப்பால எவன் வேல குடுப்பான்? ஜெயிலுக்குத்தான் போவணும்," என்றான்.

அவன் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அந்த மாடிகளில் படுக்கப்போவது எழுந்து ஓட முடியாத சனங்கள். கூட்டத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்தாள்.

"சார், பின்னால கீற நாலு பில்லரும் தாங்காது. மணலு ஜாஸ்தி. நான்தான் கொட்டினேன்."

குழுவில் இருந்த என்ஜினீயர், கட்டடம் உறுதி என்று தான் எழுதிய அறிக்கையை எரிச்சலோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைவராக இருந்த பெண் அதிகாரி மட்டும் கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தேதி போட்டுக்கொண்டார்.

"யாரும்மா கொட்டச் சொன்னது? மேஸ்திரி பேரு என்ன?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே, அவளை அழைத்துப்போகக் காத்திருந்த பெஞ்சமின், வெயிலில் கொதித்துக் கிடந்த வண்டியின் பின்சீட்டில், பாட்டில் தண்ணீரில் நனைத்த தன் துண்டை விரித்துக்கொண்டிருந்தான்.