நூறு கேட்டார்கள்

தேர்வுக் குழுவின் கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. ஒலிம்பிக் அணியில் இடம் வேண்டுமானால், தென்கோளத்துப் பனிக்காலம் முடிகிற ஆகஸ்ட் கடைசியில், சொந்த ஊர் மலையில் நடக்கும் தேசியப் பனிச்சறுக்குப் பாய்ச்சல் போட்டியில் கெரின் நூறு புள்ளி எடுத்தாக வேண்டும். இரண்டு முறை உலகச் சாம்பியனாக இருந்தவருக்கு எங்கள் நல்வாழ்த்துகள்.

கெரின் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"ரெண்டு கரணம் போட்டு எந்தப் பொண்ணாவது நூறு எடுத்திருக்காளா, சொல்லு" என்றாள் கணவன் லாக்லனிடம். "எடுக்கவே முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும். முப்பத்துநாலு வயசாச்சு, வீட்டுக்குப் போம்மான்னு எழுத வெட்கம். அதான் நம்பர் போட்டு எழுதியிருக்காங்க."

"அப்போ?"

"அப்போ மூணு கரணம்."

லாக்லன் டோஸ்ட்டில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடாமலே எழுந்து போனான். அவனுடைய மறுப்பு எப்போதும் அப்படித்தான், சத்தமே வராது.

பதினேழு வயது வரை கெரின் பனியையே பார்த்ததில்லை. கடலோர ஜீலாங் நகரில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் பல்டி அடித்துக்கொண்டிருந்தவளைத் தாராஸ்தான் கண்டுபிடித்தார். உக்ரைனிலிருந்து வந்து குடியேறிய பயிற்சியாளர். காற்றில் சுற்றத் தெரிந்தவளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம், சறுக்கத் தெரிந்தவளுக்குச் சுற்றக் கற்றுக்கொடுப்பதுதான் பாடு என்பது அவர் கணக்கு. கோடை முழுவதும் ஒரு பண்ணைக் குட்டையின் சேற்றுத் தண்ணீரில் ஸ்கீ பலகைகளோடு குதிக்க வைத்தார். கெரின் காலிலிருந்து அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடியும் ஏணி ஏறினாள். பதினேழு வருடங்களில் இரண்டு உலகப் பட்டம், ஒரு ஒலிம்பிக் வெண்கலம், இடது முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை.

இந்தக் கோடையில் அதே குட்டையில் மூன்று கரணத்தை எழுபது முறை போட்டாள். தண்ணீரில் சரியாக வராத எதையும் பனியில் போடத் தாராஸ் விடமாட்டார். எழுபதாவது முறை அவர் நோட்டில் கையெழுத்துப் போட்டார். "போ. இனி இது உன்னோடது."

போட்டியன்று காலை மலைமேல் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. இரவு விழுந்த உறைபனியில் சரிவெல்லாம் கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. நான்கு மாடி உயரத்திலிருந்து வந்து இறங்குகிற இடம் அது. இறுகிய பனியில் இறங்கினால் கால் மிஞ்சாது. அதனால் ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் ஷவல் பிடித்த ஒரு கூட்டம் சரிவை முழங்கால் ஆழத்துக்கு வெட்டிக் கிளறிவிடும். பிறகு தைலமர இலைகளை நறுக்கித் தூவும். வெறும் வெள்ளையில், தலைகீழாக வருகிறவளுக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. இலைகள்தான் காட்டும்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் லாக்லன்.

அன்று பெண்கள் போட்டி மட்டும். ஆண்களுக்கு மறுநாள். மற்ற எல்லாப் பெண்களும் இரட்டைக் கரணத்துக்கான சின்ன மேட்டிலிருந்துதான் பாய்கிறார்கள். அதன் கீழே சரிவு மெத்தை மாதிரி வெட்டப்பட்டு, இலை தூவித் தயாராக இருந்தது. பக்கத்தில் பெரிய மேடு. அதன் கீழே ஒரு ஷவல்கூடப் படவில்லை. வெயிலில் பளபளவென்று கிடந்தது.

"உன் புருஷன் அந்தப் பக்கமே போகல" என்றார் தாராஸ். "பத்து மணிக்கு நடுவர்கள் வருவாங்க. வெட்டாத சரிவைப் பார்த்தா மேட்டை மூடிடுவாங்க. அப்புறம் உன் மூணு கரணத்தை நீ குட்டையிலதான் போடணும்."

மணி ஒன்பது. கெரின் சறுக்கிக்கொண்டு நேராக லாக்லன் முன்னால் போய் நின்றாள்.

"பெரிய மேட்டுக்கு எப்போ வெட்டப் போற?"

"ஆள் பத்தல."

"பன்னிரண்டு பேர் நின்னு டீ குடிக்கிறாங்க."

அவன் ஷவலின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "போன தடவை நான் வெட்டின சரிவுலதான் நீ விழுந்த. உன் முட்டி உடைஞ்ச சத்தம், காஞ்ச சுள்ளி முறிஞ்ச மாதிரி, இங்க வரைக்கும் கேட்டுச்சு. நல்லா வெட்டியிருக்கோம்னு நினைச்சுட்டு நின்னுட்டிருந்தேன் கெரின். ரெண்டு வருஷமா அந்த இடத்தை மனசுக்குள்ள வெட்டிக்கிட்டே இருக்கேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

கரணம் தப்பினால் மரணம். அதைத்தான் அவன் வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குப் புரிந்தது. அவன் கன்னத்தைத் தொடவேண்டும் போலக்கூட இருந்தது. ஆனால் மணி ஒன்பதேகால்.

"உன் சரிவு என் முட்டியை உடைக்கல. நான் லேட்டா சுத்தினேன். தப்பு என்னோடது, அதை நீ எடுத்துக்காத" என்றாள். "என்னைப் போட்டியிலிருந்து எடுக்க அவங்க ஒரு கடிதமாவது எழுதினாங்க. நீ ஷவலைத் தூக்காமலே எடுக்கப் பாக்குற. குடு இங்க."

அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

பாயப் போகிறவள் போட்டியன்று ஷவலைத் தொடமாட்டாள். கால் பலம் வீணாகும் என்பது ஒன்று. தன் சரிவைத் தானே வெட்டுகிறவள் அதிலேயே விழுவாள் என்று அந்த மலையில் ஒரு பேச்சும் உண்டு. டீ குடித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் கோப்பையோடு அப்படியே நின்றார்கள். கெரின் சரிவின் நடுவில் நின்று முதல் வெட்டு வெட்டினாள். ஷவல் டங்கென்று எகிறியது. மறுபடி வெட்டினாள்.

கீழே தீயணைப்புத் தொண்டர்களின் சாசேஜ் கடையிலிருந்து லாக்லனின் அம்மா நொலீன் கையில் இடுக்கியோடு நிமிர்ந்து பார்த்தாள். எப்போதடி தரையில் கால் வைக்கப் போகிறாய் என்று பத்து வருடமாகக் கேட்டுவருகிறவள். மருமகள் பாய்கிற ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்கிறவள்.

நொலீன் அடுப்பை அணைத்தாள். ஏப்ரனோடு சரிவேறி வந்து, மூச்சிரைக்க ஒரு ஷவலை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு நொலீன்? இடுப்பு வலிக்கும்."

"சும்மா இரு பொண்ணே. நீ ஆகாசத்துல ஆடுறது எனக்குச் சுத்தமா பிடிக்கல. ஆனா ஒரு பொம்பள போட்டி நாளன்னிக்கு பனி வெட்ட, பன்னிரண்டு தடியனுங்க டீ குடிச்சுட்டு நிக்கிறது அதைவிடப் பிடிக்கல." திரும்பிக் கத்தினாள். "டேய், உங்க யாருக்கும் இன்னிக்கு சாசேஜ் கிடையாது!"

அவர்கள் கோப்பைகளை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். கடைசியாக லாக்லன் வந்தான். கொஞ்ச நேரம் கெரின் வெட்டுவதைப் பார்த்தான்.

"இப்படி வெட்டினா நீயே விழுவ" என்றான். "குறுக்கால வெட்டணும். தள்ளு."

ஷவலைத் திருப்பி வாங்கிக்கொண்டான். அந்த மலையில் யாருமே அப்படிப் பனி வெட்டிப் பார்த்ததில்லை. நடுவர்கள் கால் மணி நேரம் பொறுத்திருந்தார்கள். தலைமை நடுவர் குனிந்து கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது. லாக்லன் கடைசிக் கூடை இலையைத் தூவினான்.

ஆளுக்கு இரண்டு பாய்ச்சல். நல்லது எதுவோ அதுதான் கணக்கு.

முதல் முறை, காலையில் வேகத்தைச் சோதித்து மேட்டுக்கு மேலே வைத்த அடையாளத்திலிருந்தே கெரின் புறப்பட்டாள். மேட்டிலிருந்து எழும்பியபோதே வேகம் கொஞ்சம் போதாது என்று உடம்பு சொன்னது. ஒன்று. இரண்டு. கீழிருந்து தாராஸ் "இழு, இழு!" என்று அலறுவது கேட்டது. மூன்றாவது சுற்று முழுதாக முடியவில்லை. முன்னால் சரிந்து இறங்கினாள், வலது கை பனியில் பதிந்தது. விழவில்லை. ஆனால் கை பட்டுவிட்டது.

எண்பத்தைந்து புள்ளி ஐந்து.

"ரெண்டாவதுக்கு மாத்திக்கலாம்" என்றார் தாராஸ், எந்தப் பாய்ச்சல் என்று நடுவர்களுக்கு எழுதித் தரும் அட்டையையும் பென்சிலையும் நீட்டி. "ரெண்டு கரணம் போட்டா மெடலாவது நிச்சயம். என்ன எழுத?"

"மூணையே எழுதுங்க."

மேலே போகும் கம்பியிருக்கையை நோக்கித் திரும்பியவள் சரிவைப் பார்த்தாள். எல்லோரும் புள்ளிப் பலகையைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். லாக்லன் மட்டும் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் இறங்கிய குழியில் நின்று, அதை மூடி, மறுபடி வெட்டிக்கொண்டிருந்தான். அவள் திரும்ப வருவாளா என்று அவன் யாரையும் கேட்கவில்லை.

"கெரின்!" என்று கத்தினான். "வெட்டி முடிக்கிறதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு. மேலே பனி இளகி வேகத்தை இழுக்குது. காலைல வெச்ச அடையாளத்தை நம்பாத! ஒரு மீட்டர் மேலேயிருந்து வா!"

"ஒண்ணு போதுமா?"

"ஒண்ணேகால்! இங்க நான் மெத்தை போட்டு வெச்சிருக்கேன், வா!"

ஒன்றேகால் மீட்டர் மேலே போய் நின்றாள். முழங்காலில் பழைய வலி இருந்தது. இருக்கட்டும், அதுவும் கூட வரட்டும். தாராஸ் கையை உயர்த்தினார், காற்று நின்றிருந்தது. புறப்பட்டாள்.

ஒன்று. வானம். இரண்டு. வெள்ளை. மூன்றாவது சுற்றில் தலைக்குக் கீழே பச்சை இலைகள் தெரிந்தன, ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல. அந்த இலைகளின் நடுவில் இரண்டு கால்களும் சேர்ந்து இறங்கின. பனி அவளை முழங்கால் வரை வாங்கிக்கொண்டு, விட்டது. கைகள் காற்றிலேயே இருந்தன.

நொலீன் முதல்முறையாகக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். பலகையில் எண் வந்ததும் அவள் குரல்தான் முதலில் எழுந்தது.

"நூத்தி ரெண்டு புள்ளி ஆறு! நூறுதானே கேட்டாங்க? மிச்சத்தை அவங்களையே வெச்சுக்கச் சொல்லு!"

லாக்லன் பழக்கத்தில் ஷவலோடு குழிப் பக்கம் நடந்தான். இரண்டு கோடுகள், ஆழமாக, நேராக, பக்கத்தில் எந்தக் கைத்தடமும் இல்லாமல்.

"மூடாத" என்றாள் கெரின் கீழேயிருந்து.

"நாளைக்கு ஆம்பளைங்க போட்டி இருக்கே. வெட்டணுமே."

"நாளைக்கு வெட்டு. இன்னிக்கு அந்தத் தேர்வுக் குழுவில இருந்து ரெண்டு பேர் வந்திருக்காங்க. நடந்து வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

லாக்லன் ஷவலைப் பனியில் குத்தி நிறுத்தினான். குழிக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்பவன்போல நின்றுகொண்டான்.