உள்ளே பதினொரு பேர்

கதவை இழுத்துச் சாத்தியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கோட்டை சின்னது. கேப் கோஸ்ட் அடிமைக் கோட்டையைப் போலப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்குகிற இடமில்லை. மூன்று பீரங்கிகள், ஒரு முற்றம், முற்றத்துக்கு அடியில் அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றுவதற்கு முன் பெண்களை அடைத்துவைத்த ஒரு நிலவறை. அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக அங்கே வழிகாட்டி நான். பெயர் கொபினா எஸ்ஸல். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் கோயில் பாட்டுக்குழுவில் நிற்பேன்.

அந்த மார்ச்சில் தென் கரோலினாவிலிருந்து ஒரு பாப்டிஸ்ட் சபையார் வந்தார்கள். பத்துப் பேர், எல்லாரும் அமெரிக்கக் கறுப்பர்கள். மூன்று நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுக் கண் பார்த்தார்கள், பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த கண்ணாடிகளைக் கொடுத்தார்கள். நான்காம் நாள் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் கோட்டை. ஊழியம் ஊழியம் என்று சொன்னாலும் அவர்கள் மனசு முழுக்க அந்த நாளில்தான் இருந்தது.

அவர்களில் என்னோடு அதிகம் பேசியவர் வெர்னெல் காஸ்கின்ஸ். அறுபத்தாறு வயதுப் பெண், என்னைவிட ஒரு தலை உயரம், அகலமான தோள்கள். முதல் நாளே சந்தையில் மீன்காரி ஒருத்தி, "ஏ வெள்ளைக்காரி, எனக்கும் ஒரு கண்ணாடி குடு" என்று எங்கள் மொழியில் அவரைக் கூப்பிட்டாள். கடல் கடந்து வந்தவர் எந்த நிறமாக இருந்தாலும் எங்கள் ஊருக்கு அந்தப் பெயர்தான்.

"என்ன சொல்லுது அந்தம்மா?" என்று கேட்டார் வெர்னெல்.

"வாங்க அக்கான்னு சொல்லுது."

"பொய் சொல்லாதீங்க பிரதர். முப்பத்தோரு வருஷம் பொய் சொல்றவங்க மூஞ்சியப் பாத்தே சம்பளம் வாங்கினவ நான்."

என்ன வேலை என்று கேட்டேன். அரசாங்க வேலை என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஊரில் பெரிய அடக்கம். படகுக்காரர் சங்கத் தலைவர் இறந்து மூன்று வாரமாகியிருந்தது, எங்கள் பக்கம் பெரிய அடக்கத்துக்கு அவ்வளவு நாள் ஆகும். மதியத்திலிருந்தே திடலில் ஒலிபெருக்கிகள் அலறின. கோட்டை வாசல் காவலாளி, "நானும் போய்த் தலையக் காட்டிட்டு வரவா?" என்றான். போ என்றேன். பேருந்து ஓட்டுநரும் சோறு கிடைக்கும் என்று அவன் பின்னாலேயே போய்விட்டார். பைகளையும் தொலைபேசிகளையும் பேருந்திலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று குழுவிடம் சொன்னதும் நான்தான். நிலவறைக்குள் யாரும் படம் எடுப்பது எனக்குப் பிடிக்காது.

எப்போதும் கதவைப் பாதி சாத்துவேன். ஒரு நிமிஷம் இருட்டில் நிற்பார்கள், திறந்துவிடுவேன். அன்றைக்கு அவர்களுடைய போதகர், பாஸ்டர் டைரல் ஓடம், என் கையைப் பிடித்துக்கொண்டார். "முழுசா சாத்துங்க பிரதர். அஞ்சு நிமிஷம். எங்க தாய்மாருங்க எப்படி நின்னாங்கன்னு எங்களுக்குத் தெரியணும்."

உள்பக்க வளையத்தைப் பிடித்து இழுத்தேன். பலமாக அறைந்துகொண்டது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வெளியே இரும்பு விழுகிற சத்தம் ஒன்று கேட்டது. கதவுக்கு மேலே கொக்கியில் தூக்கி மாட்டியிருந்த இரும்புத் தாழ், அதிர்வில் கழன்று தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. என்ன விழுந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர்கள் ஜெபத்தில் இருந்தார்கள். ஐந்து நிமிஷம் யாரிடமும் சொல்லாமல் நின்றேன்.

பாஸ்டர் "ஆமென்" என்றதும் தள்ளிப்பார்த்தேன். அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து தள்ளினார்கள்.

"என்ன பிரதர், விளையாடுறீங்களா?" என்றார் ஒருவர்.

"வெளியே தாழ் விழுந்துடுச்சு" என்றேன்.

கத்தினோம். பாறையை அறுத்துக் கட்டிய சுவர், ஆள் நீளம் தடிப்பு. உள்ளே எங்கள் சத்தம் எங்கள் காதையே அடைத்தது, வெளியே திடலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடல் பக்கம் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். வெளிச்சம், காற்று எல்லாம் அது ஒன்றுதான். பாஸ்டர் கதவை இரண்டு கைகளாலும் அடித்துக்கொண்டே இருந்தார். கை கிழிந்து ரத்தம் வந்த பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண் அழத் தொடங்கினாள், அழுகை ஒவ்வொருவராகப் பரவியது. யாரோ இருட்டில் என்னிடம் கேட்டார்கள்: "அன்னிக்கும் உங்க ஆளுங்கதானே பூட்டினது?"

என் முன்னோரில் ஒருவர் அந்தக் காலத்தில் கோட்டைக்குத் தண்ணீர் சுமந்தவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். யாருக்குக் குடிக்க அந்தத் தண்ணீர் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. மூத்த உறுப்பினர் வார்டெல் சிம்ஸ், எழுபத்து நாலு வயது, ஆஸ்துமாக்காரர். உறிஞ்சுகிற மருந்து பேருந்தில் இருந்த பையில்.

"எல்லாரும் வாயை மூடுங்க."

வெர்னெலின் குரல். மூன்று நாளாக நான் கேட்ட குரல் அல்ல அது. தட்டையாக, உரக்க, கோபமே இல்லாமல் வந்தது. "சுவரோரமா உக்காருங்க. சிம்ஸ் ஐயாவை அந்த ஓட்டைக்குக் கீழே கொண்டு வாங்க. சட்டைப் பொத்தானைக் கழட்டுங்க. அழுதா காத்து வீணாப் போகும். நான் எண்ணப் போறேன். இடமிருந்து ஆரம்பிங்க, ஒவ்வொருத்தரும் பேரைச் சொல்லணும்."

ஆச்சரியம், எல்லாரும் கேட்டார்கள். நானும் என் பெயரைச் சொன்னேன். ஒன்பது பெயர் வந்தது. அவரோடு பத்து.

"ஒரு ஆள் குறையுது. யாரு பேசல?"

சத்தமில்லை.

"ஜொனெல், நீயா? பேரைச் சொல்லும்மா."

"சொல்ல மாட்டேன்."

ஜொனெல் ப்ரூயிட், முப்பத்து நாலு வயது, ஒல்லியான பெண். கண் முகாமில் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துச் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தவள்.

"இது கோவிச்சுக்கிற நேரமா?" என்றார் வெர்னெல்.

"எங்கம்மாவையும் இப்படித்தானே எண்ணுனீங்க? ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. ஜெயில்ல, நாலாம் பிளாக்ல. ஆபீசர் காஸ்கின்ஸ்."

இருட்டில் வெர்னெலின் முகம் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று நினைத்தேன்.

"அம்மா பேரு என்ன?" என்று கேட்டார் கடைசியில்.

"டார்லீன் ப்ரூயிட். ஆறு வருஷம் உள்ளே இருந்தாங்க. ஒரு தடவை என்னைப் பெரியம்மா பஸ்ல கூட்டிட்டு வந்தாங்க, நாலு மணி நேரம். எனக்கு ஏழு வயசு. பெரியம்மா போட்டிருந்த சட்டைக்குக் கை இல்லைன்னு உள்ளே விட மாட்டேன்னுட்டீங்க. பெரியம்மா கெஞ்சுனாங்க. நீங்க குனிஞ்சு என்கிட்ட, 'அடுத்த மாசம் வா செல்லம்'னு சொன்னீங்க. குனிஞ்சப்போ உங்க சட்டையில இருந்த பேர் என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அடுத்த மாசம் அம்மாவை வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்க. அப்புறம் பதினாலு மாசம் கழிச்சுத்தான் அம்மா மூஞ்சியப் பாத்தேன்."

"ரெண்டு வருஷமா ஒரே சபையில இருக்கோம். ஒரு வார்த்தை கேக்கலையே நீ."

"எப்படிக் கேப்பேன்? கேட்டா உங்களையா பாப்பாங்க? என்னைத்தான் பாப்பாங்க, ஜெயிலுக்குப் போனவ மகள்னு. எங்கம்மா செத்தப்பகூட நான் யார்கிட்டயும் சொல்லல. ஒவ்வொரு ஞாயிறும் நீங்க என் முன்பெஞ்சுல வந்து உக்காருவீங்க. உங்க முதுகப் பாத்துட்டே பாடுவேன்."

"எனக்கு ஞாபகம் இல்ல ஜொனெல்" என்றார் வெர்னெல். "பொய் சொல்ல வரல. அந்த மாதிரி நிறையப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். உன்னைத் தனியா ஞாபகம் இல்ல."

"தெரியும்" என்றாள் ஜொனெல். "அதான் வலிக்குது."

சிம்ஸ் ஐயா ஏதோ சொல்ல முயன்று முடியாமல் இருமினார். மூச்சு விசில் மாதிரி வரத் தொடங்கியது. துவாரத்தின் வழியாக ஏதாவது வெளியே காட்டியாக வேண்டும். ஒல்லியான ஆள் ஜொனெல் ஒருத்திதான். என் தோளில் ஏற்றிப் பார்த்தோம், நான் குட்டை, எட்டவில்லை. பாஸ்டர் நல்ல உயரம், ஆனால் கிழிந்த கையைச் சுவரில் ஊன்ற முடியாமல் இரண்டு பேருமாகக் கீழே விழுந்தார்கள்.

"என் மேல ஏறு" என்றார் வெர்னெல்.

"மாட்டேன்."

"என்னை மன்னிக்கச் சொல்லல. ஏறத்தான் சொல்றேன்."

ஜொனெல் செருப்பைக் கழற்றினாள். வெர்னெல் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி முட்டி மடக்கி நின்றார். நாங்கள் நாலு பேர் பிடித்து ஏற்றினோம். தோளில் கால் வைத்ததும் வெர்னெல் மெல்ல நிமிர்ந்தார். எலும்பு சொடுக்கியது எனக்குக் கேட்டது. பாஸ்டர் தன் மஞ்சள் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார், நான் சுவரைக் காட்ட வைத்திருந்த பிரம்பில் அதைக் கட்டிக்கொடுத்தேன். ஜொனெல் அதை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே கத்தினாள்.

எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. துவாரத்து வெளிச்சம் மஞ்சளாகிச் சிவக்கும்வரை. இரண்டு தடவை இறக்கிவிடவா என்று கேட்டேன். வெர்னெல் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். வேர்வை என் கைமேல் சொட்டியது. "இடது காலைக் கொஞ்சம் உள்ளே வை" என்று ஒரு தடவை சொன்னார். மேலே இருந்தவள் வைத்தாள். அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

பாறையில் காயப்போட்ட மீனை அள்ள ஒரு பெண் வந்திருக்கிறாள். சட்டையைப் பார்த்துவிட்டு, "யாரது? பேயா?" என்று எங்கள் மொழியில் கூவினாள்.

"என்னமோ சொல்லுது, எனக்குப் புரியல!" என்றாள் ஜொனெல்.

"நான் சொல்றதை அப்படியே கத்து" என்றேன். சொல் சொல்லாகச் சொல்லிக்கொடுத்தேன். கோட்டை. அடியில். கதவு. ஆட்கள். அவள் கோணல்மாணலாகத் திருப்பிக் கத்தினாள்.

"பேய்க்கு நம்ம பேச்சு சரியா வரலியே!" என்றாள் அந்தப் பெண். "ஊர்ப் பேய் இல்லபோல!"

நான் கீழிருந்து அடித்தொண்டையில், "கொபினா எஸ்ஸல் உள்ளே இருக்கான்னு ஊர்ல போய்ச் சொல்லு!" என்று எங்கள் மொழியில் கத்தினேன். என் பெயர் போய்ச் சேர்ந்தது. ஓடுகிற காலடி கேட்டது.

கதவு திறந்தபோது அடக்க வீட்டுக் கறுப்பு உடுப்பில் பாதி ஊர் வாசலில் நின்றது. சிம்ஸ் ஐயாவை முதலில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓட்டுநர் மருந்துப் பையோடு ஓடிவந்தார். இரண்டு இழுப்பில் அவர் உதட்டுக்கு நிறம் திரும்பியது. வெர்னெல் கதவோரம் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவர் தோளையும் தொட்டு அனுப்பினார். ஜொனெல் வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எல்லாரும் போன பிறகு, எனக்கும் பிறகு, கடைசியாக வந்தார். வலது தோள் இறங்கியிருந்தது.

முற்றத்தில் ஜொனெல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெர்னெல் அவள் முன்னால் போய் நின்றார். பக்கத்தில்தான் நானும் இருந்தேன், விலகிப் போகத் தோன்றவில்லை.

"விட்டிருக்கலாம்" என்றார் வெர்னெல். "சட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, ஆனா அன்னிக்கு நான் நினைச்சிருந்தா விட்டிருக்கலாம். சிலரை விட்டிருக்கேன். உன்னை விடல."

ஜொனெல் குவளையைக் கீழே வைத்தாள். "கோயிலுக்கு வராதீங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா இனிமே என் முன்னால உக்காராதீங்க."

"சரிம்மா."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். நடந்ததை எல்லாம் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தக் கதவைக் கழற்றிவிடுங்கள் என்றும், என் வேலையை என்ன செய்வதென்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றும். பேருந்தில் ஜொனெல் கடைசி வரிசையில் சிம்ஸ் ஐயாவோடு உட்கார்ந்திருந்தாள். வெர்னெல் ஓட்டுநருக்குப் பின்னால் தனியாக. வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"வலி எப்படி இருக்கு?" என்று ஜன்னலோரம் போய்க் கேட்டேன்.

"அது ஆறிடும்." பின்னால் திரும்பிப் பார்க்காமலே குரலைத் தாழ்த்தினார். "அக்ரா ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம். அப்புறம் விமானம் பதினோரு மணி நேரம். அப்புறம் எங்க ஊர். சபையில மொத்தமே எண்பது பேர்தான் பிரதர். இப்ப எல்லாருக்கும் தெரியும். என்னைப் பத்தி மட்டுமில்ல, அவளைப் பத்தியும். நேத்து கதவைத் திறந்து விட்டாங்க, சரி. இதுக்கு எங்கே கதவு?"

ஜன்னல் வழியே கையை நீட்டினேன். அவர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார், வண்டி நகர்ந்து நான் கூடவே நாலு அடி நடக்கும்வரை விடவில்லை.