கொலராதா காலையில் கத்தும்

என் வண்டி காலையில் கத்தும். ஊரே எழுந்து உட்காரும் அளவுக்குக் கத்தும். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை.

எங்கள் மேட்டுச் சமவெளியில் ஆகஸ்டுதான் குளிர்காலம், வாளித் தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிவிடும். நாய்கூட மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு எழமாட்டேன் என்று கிடக்கும். அந்தக் குளிரில் ஒரு கிழட்டு பெட்ரோல் பிக்கப் எழுந்து நிற்க வேண்டும், அதுவும் சத்தம் போடாமல் எழ வேண்டுமாம். நல்ல நியாயம்!

சிவப்பு வண்டி என்பதால் அதன் பெயர் கொலராதா. சாவியைத் திருப்புவதற்கு முன் ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை அடிவரை மிதித்து விடவேண்டும். அப்போது கார்புரேட்டர் பக்கவாட்டில் படிக்கட்டுபோல் வெட்டிய ஒரு சின்ன இரும்புத் துண்டு மேலே ஏறி நிற்கும். அது நிற்கும்வரை எஞ்சின் வேகமாக ஓடும், அணைந்து போகாது. சூடு ஏறிய பிறகு ஆக்ஸிலேட்டரில் லேசாக ஒரு தட்டு. துண்டு கீழே இறங்கிவிடும், வண்டியும் அடங்கிவிடும். இவ்வளவுதான் சங்கதி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் போதுமாக இருந்தது. எங்கள் பால் சங்கத் தலைவர் போன்சியானோவுக்கு ஆயுசு முழுக்கப் போனாலும் போதாது.

நான் சபீனா காலிசாயா. வீடு வீடாகப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டுபோய் நெடுஞ்சாலையில் வந்து நிற்கும் பால் பண்ணை லாரியில் சேர்ப்பது என் வேலை. சங்கம் தொடங்கிய நாளில் இந்த வேலைக்கு ஒரு ஆண்பிள்ளையும் முன்வரவில்லை. பாதை மோசம், குளிர் அதிகம், இடுப்பு வலிக்கும் என்றார்கள். நான்தான் வந்தேன். என் புருஷன் அரிக்கா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய், போனவன் போனவன்தான். இந்த ஓட்டம் என்னுடையது. இதை விட்டால் எனக்கு வேறொன்றும் கிடையாது.

அதில் மண்ணள்ளிப் போட்டவன் வெளியாள் இல்லை, என் கொழுந்தன் எலியோடோரோ. சந்தை ஊரில் மெக்கானிக் கடை போட்டிருக்கிறான். ஒரு வெல்டிங் மெஷினும் வாய் நிறையப் பேச்சும் அவனுடைய முதலீடு. ஜூலையில் ஒரு காலை, ஏதோ வேலையாக வந்தவன் கொலராதா கத்துவதைக் கேட்டுவிட்டு ஓடி வந்தான்.

"என்ன மதினி இது, வண்டியா, கழுத்தறுபட்ட பன்னியா?"

"அதுக்குக் குளுருதுப்பா. சூடானா தானா அடங்கும்."

"ஐடிலிங்கை ஏத்தி வச்சிருக்கு. பெட்ரோல் தண்ணியா ஓடுது. நகருங்க, ஒரே திருகுல சரி பண்றேன்."

நான் கேன் தூக்கிக்கொண்டிருந்தேன். அவன் பானெட்டைத் திறந்து, காலை எடுத்த பிறகும் எஞ்சினை ஓட வைக்கிற ஐடிலிங் ஸ்க்ரூவைக் குறைத்தான். சத்தம் குறையவில்லை. எப்படிக் குறையும்? அந்த நேரத்தில் எஞ்சினைத் தாங்கிப் பிடித்திருப்பது இரும்புத் துண்டு, ஸ்க்ரூ இல்லையே! இவன் விடாமல் திருகிக்கொண்டே இருந்தான். அதற்குள் எஞ்சின் சூடாகிவிட்டது. ஆக்ஸிலேட்டரைத் தட்டினான், சத்தம் சட்டென்று இறங்கியது.

"பாத்தீங்களா! கை ராசி!" என்று திருப்புளியைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டான்.

இரண்டாவது வீட்டில் கேன் ஏற்ற இறங்கினேன். துண்டும் இறங்கியாயிற்று, ஸ்க்ரூவையும் அவன் இறக்கிவிட்டான், தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. கொலராதா ஒரு நடுக்கம் நடுங்கி அணைந்துபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், காலை எடுத்ததும் மறுபடி அணைந்தது. பாட்டரி முனகி முனகி அதுவும் படுத்துவிட்டது. பண்ணை லாரி யாருக்காகவும் நிற்காது. அன்றைக்கு ஊர் முழுக்கப் பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி போட்டார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நான் வாங்கிய பேச்சு இருக்கிறதே, அதற்குச் செருப்படி தேவலை.

சங்கக் கூட்டத்தில் போன்சியானோ தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"வண்டிக்கும் வயசாச்சு, ஓட்டுறவளுக்கும் விவரம் பத்தல. என் தம்பி மகன்கிட்ட புது வண்டி சும்மா நிக்குது. சத்தமும் கிடையாது."

"இத்தன வருஷம் உங்க தம்பி மகன் எங்க போயிருந்தான்?" என்று எழுந்து நின்று கேட்டேன். "ஆலங்கட்டி மழையில ஆத்தைத் தாண்டி உங்க பாலைக் கொண்டுபோனது யாரு, அவனா?"

"சபீனா, இது சபை. பொம்பளப் புள்ள, குரலைக் குறைச்சுப் பேசு."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்னோடு தினமும் கேன் பிடித்துத் தூக்கிவிடுகிற பெண்களும்தான்.

கடைசியில் ஒரு முடிவு சொன்னார்கள். ஆகஸ்டு முதல் நாள் பூமித்தாய்க்குப் படையல். மறுநாள் காலை, ஊர்ப் பந்து மைதானத்தில், எல்லோர் முன்னாலும் கொலராதா ஸ்டார்ட் ஆகவேண்டும். நான் காலை எடுத்த பிறகும், கேன்களை ஏற்றி முடிக்கும்வரை அது தானாக ஓடிக்கொண்டு நிற்கவேண்டும். அணைந்தால் ஓட்டம் தம்பி மகனுக்கு.

"நிக்கும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, அடங்க விட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட்டேன். எலியோடோரோ குறைத்ததை எல்லாம் ஏற்றினேன். மறுநாளிலிருந்து எப்போதும்போல் ஓடியது. ஆனால் போன்சியானோ முடிவை மாற்றவில்லை.

படையல் அன்று ஊரில் இருக்கிற வண்டிகள் எல்லாம் மைதானத்தில் வரிசையாக நின்றன. எல்லோரும் சக்கரத்துக்குப் பியர் தெளித்து, பானெட் மேல் வண்ணக் காகிதப் பொட்டு தூவினார்கள். எலியோடோரோவுக்குக் குற்ற உணர்ச்சி. குடித்தும் இருந்தான். கொலராதாவின் பானெட்டையே திறந்துவிட்டான்.

"வெளிய தெளிச்சா என்ன பிரயோசனம் மதினி? ஆத்தாளுக்கு நெஞ்சுக்குள்ள குடுக்கணும்!"

ஒரு முழு பாட்டிலை எஞ்சின் மேல் கவிழ்த்தான். கைநிறையக் காகிதப் பொட்டை அள்ளி வீசினான். ஊரே கை தட்டியது. நானும் இரண்டு மடக்கு குடித்துவிட்டுச் சிரித்தேன்.

மறுநாள் காலை. புல் முழுக்கப் பனி வெள்ளை. போர்வையைப் போர்த்திக்கொண்டு சங்கம் மொத்தமும் மைதானத்தில் நின்றது. பக்கத்தில் தம்பி மகனின் புது வண்டி. ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை மிதித்து விட்டேன். சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. காலை எடுத்தேன், செத்தது. மறுபடி அதே கதைதான். மிதித்தால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது.

"காலை எடுக்காத சபீனா!" என்று சிரித்தார் போன்சியானோ. "வீட்டுக்கு வீடு இறங்கிக் கேன் தூக்குறப்ப, காலைக் கழட்டி வண்டியிலயே வச்சுட்டு வந்துரு!"

மைதானம் கொல்லென்று சிரித்தது. தம்பி மகன் ஒவ்வொரு கேனாகத் தன் வண்டியில் ஏற்ற ஆரம்பித்தான். என் கேன்கள்! கண் கலங்கிவிட்டது, குளிரால் என்று யாராவது நினைத்திருப்பார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொலராதா இன்றைக்கு ஒரு தடவைகூடக் கத்தவில்லையே.

இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தேன். இரும்புத் துண்டின் இடுக்கில் ரோஸ் நிறக் காகிதப் பொட்டுகள், அதன்மேல் பிசுபிசுவென்று காய்ந்து இறுகிய பியர். துண்டு கீழேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. மிதித்தாலும் ஏற முடியவில்லை. எலியோடோரோவைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

முதுகுத் துணி முடிச்சிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தேன். கொதிக்கக் கொதிக்கக் கோகா இலைத் தண்ணீர்.

"ஏய், ஏய்! அதைக் கழுவாத!" போன்சியானோ கையை நீட்டிக்கொண்டு வந்தார். "படையல் அது! ஆத்தா பங்கு! இப்பத் தெரியுதா, ஆத்தா ஏன் உன் வண்டியைத் தள்ளிட்டான்னு?"

"ஆத்தா பங்கு மண்ணுல. அவ கார்புரேட்டரைக் கேட்டாளா? உங்ககிட்ட வந்து சொன்னாளா?"

யாரோ ஒரு பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நான் முதல் வாய்த் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். "உனக்குத்தான் தாயே, குடிச்சுக்க" என்றேன். மிச்சத்தை இரும்புத் துண்டின் மேல் ஊற்றி, காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, பாவாடை ஓரத்தால் துடைத்தேன். விரலால் தள்ளிப் பார்த்தேன். லகுவாக அசைந்தது.

ஏறி உட்கார்ந்து ஒரு மிதி. 'டக்' என்று ஏறி நின்ற சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. பாட்டரியில் இன்னும் ஒரு திருப்புக்குத்தான் உயிர் இருந்தது. திருப்பினேன்.

கொலராதா கத்தியது. அடேயப்பா, என்ன கத்து! மேய்ந்துகொண்டிருந்த லாமா மந்தை வேலியோரம் சிதறி ஓடியது. நான் இரண்டு காலையும் தூக்கி வெளியே வைத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று இறங்கி நின்றேன். எலியோடோரோவின் கை பழக்க தோஷத்தில் சட்டைப்பைக்குப் போனது. அந்தத் திருப்புளியைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இன்னொரு தடவ என் வண்டியில கை வச்ச, உன் மூக்கைத் திருகிருவேன்!"

போன்சியானோ ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. குறைக்கச் சொல்லித்தான் கையால் காட்டினார். நான் குறைக்கவில்லை. புது வண்டிக்குப் போய் முதல் கேனை இறக்கினேன். இரண்டாவது கேனின் மறுகாதை ஒரு பெண் பிடித்தாள். பிறகு எல்லாப் பெண்களும் வந்துவிட்டார்கள். தம்பி மகன் ஒதுங்கி நின்றான். கேன்கள் ஏறி முடியும்வரை கொலராதா தனியாக நின்று கத்திக்கொண்டே இருந்தது.

ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை லேசாகத் தட்டினேன். அடங்கியது. ஆடாமல் அசையாமல், நடுக்கம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

புது வண்டியில் ஒரே ஒரு கேன் மிச்சம். அது போன்சியானோ வீட்டுக் கேன், பெண்கள் யாரும் அதைத் தொடவில்லை. ஒரு கேனுக்காக அந்த வண்டி நெடுஞ்சாலை வரை போகுமா? அவரே அதைத் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி என் கதவோரம் வந்தார்.

"சபீனா... இதையும் ஏத்திக்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

கேனுக்குள் பால் தளும்புவதுகூட எனக்குக் கேட்டது. எஞ்சின் அவ்வளவு அமைதி. நான் என் தொப்பியைச் சற்றுத் தூக்கிக் காதில் கை வைத்துக்கொண்டேன்.

"கேக்கல தலைவரே. குரலை உசத்திச் சொல்லுங்க."