துவாதசி மீன்கள்

கார்த்திகை மாதத் துவாதசியன்று காலை ஆறேகாலுக்கு வைதேஹி மாடி வீட்டு மீன்தொட்டியை உடைத்தாள். தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி, வாசலில் போட்டிருந்த கோலத்தைக் கலைத்துக்கொண்டு சாக்கடையில் சேர்ந்தது. பதினொரு மீன்களும் தொட்டி இருந்த இடத்திலேயே, மேசைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்துக்குள், முன்போலவே நீந்திக்கொண்டிருந்தன. இரண்டு நத்தைகளும் கண்ணாடி இல்லாத இடத்தில் கண்ணாடி இருப்பதுபோல ஒட்டிக்கொண்டு மெல்ல ஏறின.

மீன்கள் வைதேஹியுடையவை அல்ல. மாடியில் குடியிருந்த ஆனந்தராஜுடையவை. மாகறலில் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையான அவன் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறான். மனைவி சத்யப்ரியாவும் அவனும் பிரிந்து நான்கு வருடமாகிறது. மகள் அனு செங்கல்பட்டில் தாயோடு இருக்கிறாள். கோர்ட்டில் முடிவானபடி மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அப்பாவைப் பார்க்க வருவாள். முதல் வருடம் வந்தபோதெல்லாம் அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அதன்பிறகுதான் ஆனந்தராஜ் தொட்டி வாங்கினான். ஆறு தங்கமீன், நான்கு கறுப்பு மோலி, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் ஒன்று, கூடவே இரண்டு நத்தை. அனு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாள். பதின்மூன்று வயதாகிவிட்டதால், இஷ்டமில்லையென்றால் வரவேண்டாம் என்று வக்கீல் அவளிடம் சொல்லியிருந்தார். மகள் மீனுக்காகத்தான் வருகிறாள், மீன் இல்லாவிட்டால் அந்த இரண்டு சனிக்கிழமையும் தனக்கு இல்லை என்று ஆனந்தராஜ் நம்பினான். வீட்டுக்கார மாமியான வைதேஹியிடம் ஒருநாள் வாடகை கொடுக்கும்போது இதைச் சொல்லியும் விட்டான்.

ஐப்பசிக் கடைசியில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தியமிருக்க மாகறலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகும்போது மீன்களை வைதேஹியிடம் ஒப்படைத்தான். அவளும் ஒப்புக்கொண்டாள். மாடி ஏறி உணவு டப்பாவைத் திறந்த பிறகுதான் அது கருவாட்டுப் பொடியில் செய்தது என்று தெரிந்தது. அவள் கணவர் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்கிறவர். அவளால் அதைத் தொட முடியவில்லை. போன் போட்டாள். காய்கறி கொடுத்தாலும் தின்னும் என்று ஆனந்தராஜ் சொல்லி, விவரத்தை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினான். வெள்ளரிக்காயை வில்லையாக நறுக்கி ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டு, பச்சைத் தண்ணீரில் ஆறவைத்து, முள்கரண்டியில் குத்தி அடியில் போடவேண்டும். பட்டாணியைத் தோலுரித்து நசுக்கவேண்டும். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடவேண்டும். உப்பு மட்டும் ஆகாது.

வைதேஹி ஒன்றும் தவறாமல் செய்தாள். ஆனால் அவள் அடுப்பில் வெந்தது எதுவும் பெருமாளுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணாமல் வெளியே போனதில்லை. வெள்ளரி வில்லையும் வெள்ளிக் கிண்ணத்தில் வீட்டுச் சந்நிதி முன் வைக்கப்பட்டு, திரை போட்டு எடுக்கப்பட்ட பிறகே மாடிக்குப் போயிற்று. மீன்கள் அதை விரும்பித் தின்றன. சக்கர் மூன்றே நாளில் ஒரு சுற்றுப் பெருத்தது. அவளுடைய கணவர் ஸௌந்தரராஜன், "நம்மாத்துல மீனுக்குத்தான் முதல் பந்தி"  என்று சொல்லிவிட்டு, தானே மார்க்கெட்டில் பிஞ்சு வெள்ளரியாகப் பொறுக்கி வாங்கிவந்தார்.

தவறு துவாதசியன்று நடந்தது. முந்தின நாள் ஏகாதசிப் பட்டினி. விடிவதற்குள் அகத்திக்கீரை வெந்தாக வேண்டும். மீன்களுக்கும் இன்று அதுவே ஆகட்டும் என்று ஒரு பிடியைத் தனிக் கிண்ணத்தில் வேகவைத்தவள், அவசரத்தில் பழக்கதோஷமாக உப்பைப் போட்டாள். அடுப்பைக் கடந்து போன ஸௌந்தரராஜன், கீரையில் உப்பு போட்டதாகத் தெரியவில்லையே என்று மடைப்பள்ளிக் கை அளவில் இன்னொரு பிடி உப்பைப் போட்டார். பெருமாளுக்கு முன் ருசி பார்க்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கண்டருளப் பண்ணின பிறகு கிண்ணம் நேரே மாடிக்குப் போனதால் யார் நாக்கிலும் அது படவில்லை. மீன் தண்ணீரில் இருப்பதுதானே என்று வைதேஹி கீரை வெந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றினாள். கால் மணி நேரத்தில் தங்கமீன்கள் ஒருக்களித்து மிதந்தன. தண்ணீரை மாற்றிவிடலாம் என்று பித்தளைக் குடத்தை முக்கினாள். குடத்தின் அடி கண்ணாடியில் இடித்தது.

எதிர்வீட்டு ஏலவார்குழலி சத்தம் கேட்டுத் தறியை விட்டு ஏறிவந்து பார்த்தாள். "இன்னா மாமி, தறியில பாவு நூலு நீட்டுன மாதிரி ஒரே மட்டமா நிக்குதுங்க. இனிமே மோட்டார் போடுற வேல மிச்சம்" என்று சொல்லிவிட்டு, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கித் தந்தாள். ஸௌந்தரராஜனும் வந்து பார்த்தார். பெருமாள் அமுது செய்ததைப் பதினெட்டு நாள் சாப்பிட்ட ஜீவன்கள், அதற்குமேல் நமக்கென்ன தெரியும் என்று சொல்லி, விரதம் முடித்துப் பாரணை செய்யப் போனார். உப்புதான் காரணம் என்றவர்களும் தெருவில் உண்டு. மீன்கள் மத்தியானத்துக்குள் தெளிந்தன. சாயங்காலம் வெள்ளரி கேட்டு மேசையின் ஓரத்துக்கு வந்தன.

ஆனந்தராஜ் இரண்டு நாள் கழித்து வந்தான். வைதேஹி எதையும் மறைக்கவில்லை. கீரை, உப்பு, குடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி அழுதாள். "அழுவாதீங்க மாமி. உசுரோடதான இருக்குதுங்க" என்றான் அவன். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நடுவில் கண்ணாடி இல்லாமல் முதல்முறையாக அவற்றைப் பார்த்தான். ஒரு மோலி அவன் மீசையை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை அனு வந்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. தொட்டிப் பைப்பு கழுவுகிற வேலை இல்லை, நல்லதாகப் போயிற்று என்றாள். முள்கரண்டியில் வெள்ளரியைக் குத்திக்கொண்டு அவள் அறையைச் சுற்றி நடக்க, பதினொன்றும் வரிசையாகப் பின்னால் போயின. வராண்டா வரைக்கும் போய்த் திரும்பி வந்தன. அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அப்போ இதுங்கள பஸ்லயே கூட்டினு போலாமாப்பா?"

சட்னிக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்ற வைதேஹி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் தேவைப்பட்ட வரைக்கும் அந்த மீன்கள் இந்த வீட்டை விட்டு நகர முடியாதவை. இப்போது நகரும். தன் கைத் தவறுதான் அந்த மனிதனின் இரண்டு சனிக்கிழமைகளையும் பறிக்கப்போகிறது என்று அவளுக்குப் பட்டது. அவனைத் தனியே கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடு, தோஷம் என்றோ கண் படும் என்றோ நான் சொன்னதாகவே சொல் என்று கெஞ்சினாள்.

"கொழந்த வாய்விட்டுக் கேக்குது மாமி. இல்லன்னு எப்டி சொல்றது?" என்றான் ஆனந்தராஜ். அனு கிளம்புவதற்குள் அவன் பட்டாணி உரித்து ஒரு டப்பாவில் போட்டான். நத்தைகள் இரண்டையும் ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தான். அவற்றுக்கு வேகம் போதாது. செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து அவளை உட்காரவைத்தான். கண்டக்டர் மீன்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய ஏத்திக்கோமா, வாலாஜாபாத்தாண்ட காத்து ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பதினான்கு நாட்கள் வைதேஹி அடுப்படியில் தளிகை பண்ணினாள், விளக்கேற்றினாள், மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. சந்நிதியில் நின்றபோது தனக்கென்று எதையும் கேட்கத் தோன்றவில்லை. ஆனந்தராஜ் வேலைக்குப் போய் வந்தான். அனுவிடமிருந்து போன் வந்ததா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வெறும் மேசையை மட்டும் நாள்தோறும் துடைத்து வைத்தான்.

நான்காவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வைதேஹி கோலத்தைத் திருத்துகிற சாக்கில் வாசலில் நின்றாள். பத்து மணி பஸ் வந்து போயிருக்கவேண்டிய நேரம் தாண்டியது. கோலத்தில் திருத்த இனி ஒன்றும் இல்லை. பத்தேமுக்காலுக்கு தெருமுனையில் அனு திரும்பினாள். தோளில் பை இருந்தது. அவளைச் சுற்றிலும் ஒன்றும் இல்லை.

"மீனெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டாள் வைதேஹி.

"அம்மா வீட்லதான் இருக்குதுங்க மாமி" என்றாள் அனு, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "அப்பா இங்கதான இருக்காரு."

படியில் பாதி இறங்கி வந்திருந்த ஆனந்தராஜ் மீதிப் படிகளையும் இறங்கி வந்து அவள் பையை வாங்கிக்கொண்டான். பிறகு, சாப்ட்டியா என்று கேட்டான். அன்று இருவரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை என்றும், சமையலில் காரம் அதிகம் என்று சண்டை வந்தது என்றும், மாலையில் திருமுக்கூடல் வரை பைக்கில் போய் ஆற்றைப் பார்த்து வந்தார்கள் என்றும் வைதேஹி பின்னால் ஏலவார்குழலியிடம் சொன்னாள்.

அனு இப்போது மாதத்தில் நான்கு சனிக்கிழமையும் வருகிறாள். கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. மீன்கள் செங்கல்பட்டில் சத்யப்ரியாவின் கூடத்தில் இருக்கின்றன. மோலிகள் இரண்டு முறை குட்டி போட்டுவிட்டன. தெருவில் வரும் கீரைக்காரம்மா அவற்றுக்குத் தண்டை நறுக்கித் தந்துவிட்டுப் போகிறாள். மின்விசிறியை இரண்டுக்கு மேல் வைப்பதில்லை என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு மாற்றம் எதுவும் இல்லை.